உன் அத்தை சொந்த விருப்பில் போகவில்லை

மகனே,

உன் புத்தகத்தை மூன்று முறை படித்துவிட்டேன். முதல் முறை பெருமையோடு படித்தேன். மாவட்டத்தின் வரலாறும் பொருளாதாரமும் என்று பெரிய எழுத்தில் போட்டு, உள்ளே எழுதிய ஆறு பேரில் ஒருவனாக உன் பெயரும் இருந்தது. அதைப் பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டாம் முறை, தோட்டங்களைப் பற்றி நீ எழுதிய அத்தியாயத்தை மட்டும் படித்தேன். மூன்றாம் முறை அதில் ஒரே ஒரு வரியைப் படித்தேன். படித்ததும் புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். உன் அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்லியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். இனி ஓட்ட முடியாது. ஆகவே எழுதுகிறேன், கோபத்தோடுதான் எழுதுகிறேன். இதை நகலெடுத்து இன்னும் சிலருக்கும் கொடுக்கப் போகிறேன். தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, நம்முடைய லயங்களிலிருந்து படித்து மேலே வந்து, இன்றைக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எல்லோரும் படிக்கட்டும்.

அந்த வரி இதுதான். "காணிச் சீர்திருத்தத்தைத் தொடர்ந்து, இத்தோட்டங்களில் வசித்துவந்த தொழிலாளர் குடும்பங்கள் தமது சொந்த விருப்பின் பேரில் வெளியேறித் தாயகம் திரும்பின." இதை அடுத்த மாதம் பள்ளிக்கூடங்களுக்கென்று ஆயிரக்கணக்கில் அச்சடிக்கப் போகிறார்கள் என்று நீதான் சந்தோஷமாகச் சொன்னாய். லயத்துப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதும். தன் பாட்டன் விருப்பப்பட்டுத்தான் போனான் என்று எழுதி மார்க் வாங்கும்.

உன் அத்தை மாரியாயி இந்தியாவுக்கும் போகவில்லை, எந்தத் தாயகத்துக்கும் போகவில்லை. அவள் இப்போது வவுனியாவுக்கு அப்பால், சண்டைக்குள்ளிருந்து வந்தவர்களை அடைத்துவைத்திருக்கிற முகாமில், முள்கம்பிக்குள்ளே, ஒரு கூடாரத்தில் இருக்கிறாள். அது உனக்கும் தெரியும். போன மாதம் அங்கேயிருந்து வந்த கடிதத்தை உன் கையில்தான் கொடுத்தேன். அவளுக்கு எழுத்து வராது. யாரோ ஒரு பிள்ளை எழுதிக்கொடுத்து, கீழே பெருவிரல் வைத்திருந்தாள். "தம்பி, நான் மாத்தளையில பொறந்து வளந்தவதான்னு ஒரு காயிதம் வேணுங்கிறாங்க. அது இருந்தா வெளிய விட்டுருவாங்களாம். ஆளுங்க பேரு எழுதுற தோட்டத்துச் செக்ரோல்ல என் பேரு இருக்கும். நீங்கதானே எழுதுனீங்க." கடிதம் அவ்வளவுதான். அவள் புருஷன் செல்லையா மாமா செத்ததைப் பற்றியோ, போன மாசியில் சின்ன மகள் ராணி போய்ச் சேர்ந்ததைப் பற்றியோ அதில் ஒரு சொல் இல்லை. அதையெல்லாம் பிறகு வேறு ஆட்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். அவள் கேட்டது ஒரு காகிதம். அந்தக் காகிதம் நீ உத்தியோகம் பார்க்கிற அரசாங்க அலுவலகத்திலிருந்து, உன் கந்தோரிலிருந்துதான் போகவேண்டும்.

நீ கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாய். "அப்பா, அந்தச் செக்ரோல் பதிவேட்ட நானே எடுத்துப் பாத்தேன். சொந்த விருப்பத்துல போனாங்கன்னு இருக்கு. பொஸ்தகத்துலயும் அப்படியே வந்திருச்சு. இப்ப வேற மாதிரி ஒரு கடிதம் என் கையால எப்புடிக் குடுக்கிறது? பழசக் கிளறுற நேரமா இது?" என்றாய். நான் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வெற்றிலையைக் கொண்டுபோய்த் துப்பிவிட்டு வந்தேன். நீ அதை என் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய்.

மற்ற அத்தியாயங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. அதை மறைக்கவில்லை. நாவுலையில் குளத்துத் தண்ணீர் வற்றினால் மாத்தளைச் சந்தையில் எந்தக் காய் அரிதாகும் என்று எழுதியவன் சந்தையில் நின்று பார்த்தவன். வில்கமுவையில் காட்டை வெட்டிக் குடியேறியவர்கள் முதல் போகத்து நெல்லை யானையிடமிருந்து காப்பாற்றிய கதை இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. இன்னாருடைய மனைவி பரணில் பிள்ளை பெற்றாள் என்பது வரைக்கும் இருக்கிறது. படிக்கச் சந்தோஷமாக இருந்தது. பிறகு உன் அத்தியாயத்துக்கு வந்தால், மண் இருக்கிறது, மழை இருக்கிறது, தேயிலை, ரப்பர், கொக்கோ, மிளகு எல்லாம் இருக்கின்றன. மனிதன் ஒருவன்கூட இல்லை. தேயிலை தானே நட்டுக்கொண்டு தானே கிள்ளிக்கொண்டு தானே கொழும்புக்குப் போனதா? யானைக்குக்கூடப் புத்தகத்தில் இடம் கிடைத்தது. உன்னை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறியவளுக்குக் கிடைக்கவில்லை.

ஆமாம், கட்டிக்கொண்டுதான் ஏறினாள். நீ பிறந்த வருஷம் உன் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தோட்டத்துக் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் விட்டால் அழுவாய் என்று அக்கா உன்னைச் சேலையால் முதுகில் கட்டிக்கொண்டு, அதற்கு மேலே கூடையையும் மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போனாள். வேலை வாங்குகிற கங்காணி ஏசினான். ஏசட்டும் என்று போனாள். நான் அப்போது எல்கடுவைப் பக்கம் இருந்த அதே தோட்டத்தில் கந்தோர் கிளாக்கர். லயத்தில் பிறந்து, எட்டாம் வகுப்பு வரை படித்து, இங்கிலீஷ் எழுதப் பழகி, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவன். என்னைப் படிக்கவைப்பதற்காக அக்கா பத்து வயதில் பெயர் பதிந்து வேலைக்குப் போனாள். நான் கிளாக்கரான அன்றிலிருந்து அவள் என்னை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. உள்ளுக்குள் நன்றாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் என்னையே அறையவேண்டும் போலிருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டத்தில் பட்டினி. அரிசி இல்லை, கோதுமை மா இல்லை, மரவள்ளிக் கிழங்குக்கும் அடிபிடி. அதே வருஷங்களில்தான் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. வெள்ளைக்காரத் தொரை போனால் விடிவுகாலம் என்று நாங்களும் கை தட்டினோம். பிறகு புது நிர்வாகம் வந்தது. எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிசனை, அதாவது கொக்கோவும் மிளகும் இருந்த பக்கத்தை, துண்டு துண்டாக்கி அடிவாரக் கிராமத்துச் சனங்களுக்குக் கொடுப்பதாக முடிவாயிற்று. கொடுத்தது தப்பென்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சனங்களும் காணி இல்லாமல் காய்ந்துகொண்டிருந்தவர்கள்தான், அவர்களுடைய காடுகளைத்தான் வெள்ளைக்காரன் முதலில் பிடுங்கினான். ஆனால் அந்தக் காணியில் ஏற்கெனவே பத்தொன்பது குடும்பம் மூன்று தலைமுறையாக இருந்தது. அவர்களை என்ன செய்வது என்று ஒருவரும் பேசவில்லை. முதலில் கீழ் லயத்துக்கு வந்த தண்ணீர்க் குழாயை மூடினார்கள். பிறகு காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பெயர் கூப்பிடாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் தோட்டத்து அரிசி இல்லை. அப்படியும் போகவில்லை என்றதும் ஒரு நாள் மத்தியானம் எங்கிருந்தோ லொறியில் ஆள் வந்து இறங்கியது. கிராமத்து ஆட்கள் இல்லை, ஒரு முகமும் பழக்கமில்லாத ஆட்கள். பொல்லும் தடியுமாக வந்து கூரைத் தகரத்தைக் கழற்றினார்கள். பானை சட்டியை வெளியே எறிந்தார்கள். இதுதான் நீ எழுதிய சொந்த விருப்பு.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்பாய். கிளாக்கர் குவார்ட்டர்ஸில், வீட்டுக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். பின்னேரம் அக்கா வந்தாள். செல்லையா மாமாவின் நெற்றி உடைந்திருந்தது, துணியால் கட்டியிருந்தார். மூத்தவள் செல்விக்கு எட்டு வயது, ராணி கைக்குழந்தை. அக்கா உள்ளே வரக்கூட இல்லை, வாசற்படிக்குக் கீழேயே நின்றாள். "தம்பி, வராந்தாவுல ரெண்டு நாளைக்கு இருந்துக்கிறோம். சத்தம் போடமாட்டோம்" என்றாள். அன்று காலையில்தான் புது மேனேஜர், லயத்து ஆட்களுக்கு யாராவது இடம் கொடுத்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டிவரும் என்று சொல்லியிருந்தார். எனக்கு நீ இருந்தாய், உன் அம்மா இருந்தாள், வேலை இருந்தது. "இப்ப வேணாம்க்கா, வேற எங்கயாச்சும் பாருங்க" என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. சரிங்க தம்பி என்று சொல்லிவிட்டுப் படியிலிருந்து திரும்பினாள். நீ அவளைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாய். மூன்று வயது உனக்கு. உன் அம்மா பின்கதவால் ஓடிப்போய், அடுப்பிலிருந்த சோற்றைப் பானையோடு கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் என்னிடம், "ஒங்க அக்காவுக்கு எடம் இல்லாத வீட்டுல நானும் சும்மா ஒண்டிக்கிட்டுத்தான் இருக்கேன், பாத்துக்குங்க" என்றாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றிலிருந்து இரண்டு நாள் அவர்களுக்கு இடம் கொடுத்தவன் கிரிபண்டா, அடிவாரக் கிராமத்துச் சிங்களவன். அக்காவின் லயத்துக் காம்பரா நின்ற துண்டே காணி பிரித்த குலுக்கலில் சீட்டு விழுந்து கிடைத்தவன். தனக்குக் கிடைத்த காணியிலிருந்து விரட்டப்பட்டவர்களைத் தன் வீட்டு அடுப்படியில் படுக்கவைத்தான். பிறகு தம்புள்ளை வரைக்கும் கூடப் போய், வவுனியா லொறியில் ஏற்றிவிட்டுத் திரும்பினான். அவன் யார், நான் யார்? இந்தக் கணக்கை உன் புத்தகத்தில் எந்த அத்தியாயத்தில் போடுவாய்?

இனி அந்தப் பதிவேட்டுக்கு வருகிறேன். நீ ஆதாரம் என்று அடிக்குறிப்பில் போட்டிருக்கிறாயே, அதே பதிவேடு. அடுத்த நாள் காலையில் மேனேஜர் அதை என் முன்னால் வைத்துப் பத்தொன்பது குடும்பத்தின் பெயரையும் வெட்டச் சொன்னார். பெயரை வெட்டினால் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும், காரணம் எழுதுவதற்கு. தோட்டத்துக் கிளாக்கர்மாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கலியாணம் கட்டி வேறு தோட்டம் போனாலும் சரி, கங்காணியோடு சண்டை போட்டு ஓடினாலும் சரி, அந்தக் கட்டத்தில் 'சொந்த விருப்பில் வெளியேறினார்' என்று இங்கிலீஷில் எழுதிவிடுவோம். வேறு என்ன எழுதினாலும் மேலே இருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதற்குப் பதில் எழுதும் வேலை கிளாக்கருடைய தலையில் விழும். எனக்குக் கற்றுக்கொடுத்த பழைய கிளாக்கரும் அப்படித்தான் எழுதினார். மேனேஜர்கூட இன்னதை எழுது என்று சொல்லவில்லை. வழக்கமாக எழுதுவதை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். அவர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. எழுதியது நான். முதல் பெயர் காத்தமுத்து. அவனுக்கு நேராக அந்த வாக்கியத்தை எழுதினேன். மற்றப் பெயர்களுக்கு நேராக, மேலே உள்ளதே என்பதற்குக் கிளாக்கர்மார் போடும் இரண்டு சின்னக் கோடு. பக்கம் முழுக்கக் கோடு. மாரியாயி பதினொன்றாவது பெயர். என்னைப் படிக்கவைத்தவளுக்கு நான் ஒரு பொய்யைக்கூட முழுசாக எழுதவில்லை. இரண்டு கோடு கிழித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

அந்தப் பக்கத்தை நீ எடுத்துப் பார்த்தாய் என்கிறாய். உனக்கு எழுதப் பழக்கிய கை மகனே அது. அந்தக் கையெழுத்து உனக்குத் தெரியவில்லையா? தெரியாமல் எழுதினாயா, தெரிந்துகொண்டே அப்பாவைக் காப்பாற்றுகிறோம் என்று எழுதினாயா? இதைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டாவதுதான் உண்மையென்றால், தயவுசெய்து என்னைக் காப்பாற்றாதே. நான் செய்தது கெட்ட காரியம். பட்டினிக் காலம், சின்னக் குழந்தை, போகிற வேலை, எல்லாம் உண்மைதான். அத்தனையும் சேர்ந்தாலும் அது கெட்ட காரியம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன். என் பொய்யில் தாயகம் இல்லை. வெளியேறினார் என்று மட்டும்தான் எழுதினேன். தாயகம் திரும்பின என்பதை நீயாகச் சேர்த்தாய். யாரும் உன்னை மிரட்டவில்லை, உன் வீட்டு வாசலில் லொறி வந்து நிற்கவில்லை. வாக்கியம் அழகாக முடியவேண்டும் என்பதற்காகச் சேர்த்தாய். அந்தக் கோபம்தான் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது.

பொருளாதாரம் என்று பெயர் வைத்திருக்கிறாய், அதையும் கேள். கொக்கோச் செய்கை நோயினால் வீழ்ச்சியடைந்தது என்று எழுதியிருக்கிறாய். எந்த நோய்? கொக்கோவுக்கு மேலே நிழல் மரம் நிற்கவேண்டும். எந்தக் கிளையை எப்போது கழிப்பது, எவ்வளவு வெயில் விடுவது என்று அறிந்தவர்கள் அந்தப் பத்தொன்பது குடும்பமும்தான். அவர்களைத் துரத்திவிட்டுக் காணியைச் சனங்கள் கையில் கொடுத்து, ஒருவரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் நிழல் மரத்தை விறகுக்கு வெட்டினார்கள். இரண்டு வெயிலில் கொக்கோ கருகியது. பிறகு மிளகுக்கொடியும் போனது. கிரிபண்டா எத்தனையோ தடவை என்னிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறான், உங்கள் மச்சான் செல்லையா ஒரே ஒரு வருஷம் என்னோடு நின்று காட்டித் தந்திருந்தால் என் மரம் செத்திருக்காது என்று. அவன் பிள்ளைகள் இன்றைக்குக் கொழும்பில் கூலி வேலை செய்கிறார்கள். செல்லையா மாமாவோ, தண்ணீர் இல்லாத வவுனியாக் காட்டில் கிணறு வெட்டி, கச்சான் என்கிற நிலக்கடலையைப் போட்டு, அங்கேயும் விரட்டப்பட்டு, இன்னும் வடக்கே போய், அங்கேயே செத்தார். நிழல் மரம் கழிக்கத் தெரிந்த கை கச்சான் கிண்டியது. கச்சான் மட்டுமே போடத் தெரிந்த கைக்குக் கொக்கோ கிடைத்தது. இதுதான் இந்த மாவட்டத்தின் பொருளாதாரம். இதை எழுத ஒரு பக்கம் போதும், உனக்குப் பதினாறு பக்கம் கொடுத்திருந்தார்கள்.

உன் பயமும் எனக்குத் தெரியாமலில்லை. இந்த நேரத்தில், சண்டை நடந்த அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஒருத்திக்கு ஒரு தமிழ் உத்தியோகத்தன் கடிதம் கொடுத்தால், கந்தோரில் எப்படிப் பார்ப்பார்கள், யார் யாருக்கு என்ன எழுதுவார்கள் என்று யோசிக்கிறாய். உனக்கும் பிள்ளை இருக்கிறது. நான் யோசித்த அதே யோசனை. அதே வாசற்படி, அதே அக்கா. அதனால்தான் இத்தனை கோபத்தோடு எழுதுகிறேன். வேறு யாராவது மறுத்திருந்தால் மனம் வெந்து பேசாமல் இருந்திருப்பேன். நீ மறுத்தபோது என் வாயிலிருந்து வந்த சொல்லே உன் வாயிலிருந்து வந்தது போலிருந்தது. இந்தப் புத்தியை நான்தான் உனக்குக் கொடுத்திருக்கிறேன். பார்த்துப் பேசு, வம்புக்குப் போகாதே, எழுதியிருப்பதை எழுது என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தேன். அதையெல்லாம் இந்தக் கடிதத்தோடு திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அப்பா சொன்னது பிழை.

திங்கட்கிழமை உன் கந்தோருக்கு வருகிறேன். கிரிபண்டாவும் வருகிறான். அவனுக்கு எண்பது நெருங்குகிறது, முழங்கால் வலி, ஆனாலும் கூப்பிட்டதும் வருகிறேன் என்றான். அந்தப் பதிவேட்டில் இருப்பது பொய், அதை எழுதியவன் நான், அக்கா இங்கே பிறந்தவள், அவளை வைத்துப் பார்க்க என் வீடு இருக்கிறது என்று சத்தியக் கடதாசி எழுதிக் கையில் வைத்திருக்கிறேன். நீ வாங்காவிட்டால் உனக்கு மேலே இருப்பவரிடம் போவேன். அவரும் வாங்காவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். உன் அம்மா முன்னறையைக் கழுவி, கட்டிலைப் போட்டுவிட்டாள். வராந்தாவில் இல்லை, முன்னறையில். செல்வி உயிரோடு இருக்கிறாளா என்று இன்னும் தெரியவில்லை. இருந்தால் அவளுக்கும் அதே அறையில் இடம் இருக்கிறது.

நான் மற்றவர்களோடு வரிசையில்தான் நிற்பேன். என் முறை வரும்போது எழுந்து நிற்காதே, அப்பா என்று கூப்பிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போகாதே. மற்றவர்களைக் கேட்பதுபோல என் பெயரைக் கேள், விலாசத்தைக் கேள், வந்த காரணத்தைக் கேள். முதலில் மாரியாயியைப் பற்றிச் சொல்வேன். அதை எழுதி, முத்திரை குத்தி, அன்றைக்கே முகாமுக்கு அனுப்பு. பிறகு உன் அத்தியாயத்துக்காக மற்றப் பதினெட்டுக் குடும்பத்தையும் சொல்வேன். காத்தமுத்து, வீரம்மா, சின்னப் பழனி, பெரிய பழனி, எல்லோரும் எனக்கு மனப்பாடம். எத்தனையோ வருஷமாகப் படுக்கும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் தண்ணீர்க் குழாயை மூடியதையும், பெயர் கூப்பிடாமல் விட்டதையும், கூரையைக் கழற்றியதையும் திரும்பத் திரும்பச் சொல்வேன். உனக்குக் கை வலிக்கும். வலிக்கட்டும், முழுசாக எழுது. கோடு போடாதே.

மாத்தளையில் பிறந்த மாரியாயியின் தம்பி